படுவான்கரையில் கோட்டை தேடுவோர்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, போரதீவு வழியாக, படுவான்கரை எனப்படும் வாவியின் மேற்குக்கரையிலுள்ள பழுகாமத்தை அடைகிற பிரயாணி, அங்கே ஒரு பழைய இராசதானியின் மதிலையோ கொத்தளத்தையோ எதிர்பார்த்து வந்தவராயின், வயல்வெளியையும் தென்னந்தோப்புகளையும் திரௌபதை அம்மன் கோயிலையும் மட்டுமே கண்டு சற்று ஏமாற்றம் அடைதல் கூடும். வன்னிமைகள் என்னும் குறுநிலத் தலைவர்கள் குடிகளை ஆண்ட காலத்தில் மட்டக்களப்புத் தேசத்தின் முதன்மையான பிரிவுகளுள் ஒன்றுக்குத் தலையூராயிருந்து, ஒல்லாந்தரின் குறிப்புகளிலும் பேர்பெற்ற இவ்வூரில், ஒரு மாளிகையின் அத்திவாரமேனும் கண்ணுக்குப் புலப்படாதது ஏன் என்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை தேடப் புறப்படுகிறவர் வாவிக்கரையில் நின்றுவிடாமல், மேற்கே காட்டோரம் வரை நடந்தாக வேண்டும்.

காட்டுக்குள் நடந்து கோட்டை பார்ப்பது மேனாட்டாருக்கு மிகப் பழகிய பொழுதுபோக்கு. செருமனியின் தென்மேற்கில் பிபால்சு என்னும் வனப்பிரதேசத்தில், செம்மணற்பாறைக் குன்றுகளின் உச்சி தோறும் இடிந்த கோட்டைகள் நிற்கின்றன. அவற்றுள் திரிபெல்சு என்பது, சிலுவைப் போரிலிருந்து திரும்பி வந்த இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டை 1193இல் சிறைவைத்த கோட்டை. அவ்வனத்தில் நடப்பதற்கென்றே 1902இல் ஒரு சங்கம் தோன்றி, மரங்களிலே வழிக்குறி தீட்டியும், இளைப்பாறக் குடில்கள் அமைத்தும், சாதாரண சனங்களைத் தங்கள் பூர்வ சரித்திரத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. அங்கே பிரபுக்கள் ஒருவரையொருவர் அஞ்சி மலையுச்சியில் கல்லடுக்கினார்கள். அந்த அச்சமே இன்று காட்சிப்பொருளாய் நிற்கிறது.

நம் பக்கத்து ஆட்சியாளரோ கல்லிலே குடியிருந்தவர் அல்லர். ஒல்லாந்தக் கடலோடி யோரிசு வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் மட்டக்களப்பில் வந்திறங்கியபோது, போர்த்துக்கீசனோ என்று அவனை ஐயுற்று விசாரித்தவன் இவ்விடத்து அரசன். அதாவது, ஐரோப்பியர் இங்கே கோட்டை எழுப்புவதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பே, தூதரை எதிர்கொள்ளத்தக்க ஓர் அரசவை இம்மண்ணில் இருந்தது. அவ்வரசவை கூடிய மண்டபத்தின் ஒரு கல்லும் இன்றில்லை. மரத்தூணும் களிமண் சுவரும் ஓலைக்கூரையுமே அக்காலத்து வாசத்தலங்கள். அவை வாடைக்கால மழைக்கும் கறையானுக்கும் எத்தனை தலைமுறை நிற்கும்? கண்டியரசில் நெடுங்காலம் கைதியாயிருந்து 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், குடிகள் ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அங்கே அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறார். அத்தகைய கண்டியின் மேலாணைக்கு உட்பட்டிருந்த கீழைக்கரைத் தலைவர்கள் மண்சுவருடன் அமைந்தது வியப்பாகாது.

கல்லாய் நிற்கிற கோட்டை ஒன்றே ஒன்று, அது அந்நியனுடையது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, பத்தாண்டு கழித்து, 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்து வந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டிடம் இழந்த கோட்டை அது. இரண்டு பக்கம் வாவியும் மற்றிரண்டு பக்கம் அகழியுமாக, நான்கு மூலைக் கொத்தளங்களோடு அடக்கமாக அமைந்த அக்கட்டடம் 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, பின்னர் நெடுங்காலம் கச்சேரியாகப் பயன்பட்டது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்குமாக அதன் வாயிலைப் பன்முறை கடந்தவர்களுள் எத்தனை பேர் அதன் மதிலை அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் காட்டிலே கல் இல்லை என்று எண்ணிவிடலாகாது. பழுகாமத்துக்கு மேற்கே வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கங்களில் வயல் முடிந்து, பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு தொடங்குகிற இடத்தில், கருங்கற் பாறைகள் யானை முதுகென எழுந்து நிற்கின்றன. அவற்றுள் பிரசித்தமானது தாந்தாமலை. சின்னக் கதிர்காமம் என்று சனங்கள் வழங்கும் அந்த முருகன் தலத்துக்கு ஆடி மாதத்தில் படுவான்கரை முழுவதும் திரண்டு செல்லும். ஏனைய மாதங்களிலோ, பூசைமணி ஓய்ந்த பின்பு அங்கே காற்றின் ஓசையன்றி வேறொன்றும் கேளாது. பாறையில் வெட்டிய படிகளும், புதரிடையே சாய்ந்து கிடக்கும் கற்றூண்களும், பாறைக் குகைகளும், ஒரு காலத்தில் துறவியரும் அடியாரும் நிறைந்திருந்த ஒரு பெரும் நிலையத்தின் எச்சங்களாய்ச் சிதறிக் கிடக்கின்றன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அப்பக்கத்துச் சனங்கள் இடம்பெயர்ந்து, காடு மீண்டும் கோயிலை நெருங்கிய காலமும் உண்டு. வடக்கே, கிரானுக்கு மேற்கேயுள்ள குடும்பிமலையும் அவ்வாறே. 2007 யூலையில் அரச படையினர் கைப்பற்றியபோது தொப்பிகல என்ற பெயரால் பத்திரிகைகளில் அடிபட்ட அக்குன்று, இன்று நடைப்பிரயாணிகளின் இலக்காகியிருக்கிறது.

இத்தகைய இடங்களில் எதைப் பார்ப்பது என்று அறியாமல் போனால், பாறையையும் பற்றையையும் தவிர வேறொன்றும் தெரியாது. முதலில் குகையின் நெற்றியைப் பார்க்க வேண்டும். மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே இறங்காதபடி, வாயிலின் மேலே ஒரு விளிம்பைப் புருவம்போல் வெட்டியிருப்பார்கள். மனிதன் வாழ்வதற்கென்று செப்பனிட்ட குகை என்பதற்கு அதுவே அடையாளம். அவ்விளிம்பின் கீழே சில வேளைகளில் பிராமி எழுத்துகள் தேய்ந்து காணப்படும். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவ்வகைப் பொறிப்புகள் பெரும்பாலும், இன்னார் இக்குகையைத் துறவியருக்குத் தானம் செய்தார் என்னும் ஒரே செய்தியைக் கூறும். அடுத்து, மொட்டைப் பாறையின் மேல் வரிசை பிடித்துத் தோண்டிய சதுரக் குழிகளைத் தேட வேண்டும். மரத்தூண்கள் நின்ற இடங்கள் அவை. பார்க்கப் பழகிய கண்ணுக்கு ஒரு மண்டபத்தின் அளவை அக்குழிகளே காட்டிவிடும். அரசனுடைய கைவேலையைக் காண விரும்புகிறவர் குளக்கட்டின் மேல் ஏறிப் பார்க்கக் கடவர். உறுகாமம், உன்னிச்சை முதலாய பழைய குளங்கள் ஆங்கிலேயர் காலத்தில் திருத்தப்பட்டு இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றன. தனக்கு மாளிகை எழுப்பாதவன் குடிகளுக்கு அணை எழுப்பினான்.

இந்தக் கல்லையெல்லாம் பற்றி இப்போது பெரிய வழக்கு நடக்கிறது. பௌத்தருடையதா, சைவருடையதா என்று ஒவ்வொரு பாறைக்கும் உரிமை கேட்கிறார்கள். கீழ் மாகாணத் தொல்லியல் மரபுக்கென 2020இல் சனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, அதில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இல்லாதிருந்தமை, கல்வெட்டைக் கண்டாலே காணி போய்விடும் என்ற அச்சத்தைப் படுவான்கரை உழவரிடையே வளர்த்தது. அச்சம் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், தமிழரும் நாகரும் வேடரும் பௌத்தத் துறவியரும் ஒரே குன்றின் நிழலில் வாழ்ந்த பூமி இது. தமிழரிலும் பௌத்தர் இருந்தனர் என்பதை மறந்துவிட்டு, தூபியின் செங்கல்லைக் கண்டதும் முகத்தைத் திருப்புவது நமக்கே நட்டம். தெற்கே அம்பாறை மாவட்டத்து இராசகலவில், இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொணர்ந்த மகிந்த தேரர், இட்டிய தேரர் ஆகியோரின் தூபியைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது; அம்மலையேறிப் பார்க்கிற தமிழ்ப் பிரயாணி எதையும் இழந்துவிடுவதில்லை. இந்த வழக்காளிகள் இருசாராரையும்விடக் கொடியவர் புதையல் தோண்டுவோர். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் விலக்கியும், தூணடியைக் கிளறிப் பாறையை வெடிவைத்துப் பிளந்து, ஒரு காசும் காணாமல் ஒரு சரித்திரத்தை அழித்துவிட்டுப் போகிறார்கள்.

போகிறவர் கச்சான் காற்று வீசும் மாதங்களில், வைகாசி முதல் ஆவணி வரையில் போவது உத்தமம். மாரியில் வயற்பாதைகள் நீருக்குள் மூழ்கிவிடும். காலையிலே ஏறி, வெயில் முற்றுமுன் இறங்கிவிட வேண்டும். மாலை சாய்ந்தால் யானைகள் குளக்கட்டுக்கு வரும். படுவான்கரையில் யானையால் உயிரும் பயிரும் இழக்காத கிராமம் அரிது. ஆகையால் தேனெடுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குப் போய்ப் பழகிய ஊரவர் ஒருவரைத் துணைக்கொண்டே போக வேண்டும். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாது கொடுப்பதும் மரியாதை. திரும்பும் வழியில் ஒரு சட்டித் தயிர் வாங்கி வர மறவாதீர்கள்.

நம் பாடசாலைகளும் வாசகசாலைகளும் கோயிற் பரிபாலன சபைகளும் ஒன்று கூடி, செருமானியச் சங்கத்தார் செய்ததுபோல், பாறைமேல் ஒரு துளி மையும் தீட்டாமல் பாதையோர மரங்களில் வழிக்குறி இட்டு, ஒவ்வொரு குகைக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறிப்பு எழுதிவைக்க முன்வருவார்களாக. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. விடுமுறைக் காலத்தில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் பத்துப் பேரும் முதலடி எடுத்து வைத்தால் போதும்.