வெள்ளாடு தழை தேரும் விதமும் வளர்ச்சி வில்லையும்

மேனாடுகளில் மாட்டிற்கும் செம்மறிக்கும் காதின் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை பதித்து எடை பெருக்குகின்றனர். நம் வெள்ளாட்டிற்கும் அதனைச் செய்தால் என்ன, மேய்ச்சல் மாறுமா என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர்.

வளர்ச்சி ஹார்மோன் என்று பேச்சில் வழங்கினும், இவ்வில்லைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண்பால், பெண்பால் ஹார்மோன்களும் அவற்றை ஒத்த இரசாயனங்களுமேயாம். உண்ட தீனி கொழுப்பினும் தசையாக மிகுமாறு இவை உடலைத் தூண்டும். அமெரிக்காவில் 1954 முதல் மாடுகளுக்கு அளித்த ஸ்டில்பெஸ்டிரால், புற்றுநோய் அச்சத்தால் 1979-இல் விலக்கப்பட்டது. ஐரோப்பிய சமூகம் 1989 முதல் ஹார்மோன் ஏற்றிய இறைச்சியின் இறக்குமதியையே நிறுத்திற்று.

வில்லை தீனியாகாது. தசை கட்டப் புரதம் வேண்டும். தேவை கூடினால் ஆடு அதனைத் தழையில்தான் தேடவேண்டும். அது தேடும் வகை வியப்பிற்குரியது. நாவின் சுவை மட்டும் வழிகாட்டியன்று. தின்றபின் வயிற்றில் நேரும் நலமும் கேடும் அச்சுவையோடு சேர்ந்து நினைவில் பதிகின்றன. யூட்டா பாலைநிலத்தில் ஃபிரெட் பிரோவென்சா என்னும் ஆராய்ச்சியாளர் இதனை விளங்கக் கண்டார். அங்குள்ள ஒரு புதரின் இளந்தளிரில் சத்தும் மிகுதி, துவர்ப்பும் மிகுதி. தளிரைத் தின்று வருந்திய ஆடுகள் பின்னர் முற்றிய குச்சியையே நாடின. புரதம் போதாத குளிர்காலத்தில் ஒரு மந்தை மட்டும் காட்டெலிகள் சுள்ளிகளால் கட்டிய கூடுகளைத் தின்னக் கற்றது. எலியின் சிறுநீர் ஊறிய அக்கூட்டிலிருந்த நைட்ரஜனை ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் புரதமாக்கின. அம்மந்தையே பிறவற்றினும் குறைவாக மெலிந்தது. சுவரொட்டியைத் தின்னும் ஆட்டை எள்ளுவோர் இதனைச் சற்று எண்ணலாம்.

நம் கரிசலில் மேயும் கன்னி ஆடு, சீமைக் கருவேலின் தழையை ஒதுக்கி நெற்றை மட்டும் விரும்புவதும் இவ்வறிவினாலேயே. ஆனால் தேர்வதற்கு இடம் சுருங்கி வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-இல் அமைந்தது. காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தடை விதித்தது. இராசபாளையத்து மலையடிவாரத்தை நம்பியிருந்தோர்க்கு இது பேரிடி. தழை குறைந்த இடத்தில் தேவையை மட்டும் பெருக்கும் வில்லையால் ஆகக்கூடியது, அயலார் பருத்தியில் ஆடு இறங்குவதே என்பது நம் கருத்து.

வில்லைக்கு ஆகும் பணத்தைத் தீனிக்கே செலவிடலாம். சீமைக் கருவேல நெற்றை இடித்தே இடுக. முழுதாகத் தின்றால் விதை செரியாது புழுக்கையோடு வயலில் விழுந்து முளைக்கும். வேலியோரம் அகத்தியும் சவுண்டலும் நடுக. சவுண்டல் தீனியில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படலாகாது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வளர்ந்த ஆட்டிற்கு அளவோடு நன்று. பால் மறவாத குட்டிக்கோ அதிலுள்ள காசிப்பால் நஞ்சாகும்.