இலக்கண மென்பொருளும் இயங்குதள வேறுபாடும்: குலசேகரம் வட்டாரச் சொற்களை முன்வைத்து

குமரி மாவட்டம் குலசேகரம் பகுதியின் வழக்கில் முந்திரிக்கொட்டை கொல்லாங்கொட்டை எனப்படும். இச்சொல்லை உருபனியல் பகுப்பாய்வியிடம் கொடுக்க, அறியாச் சொல் என்பதைச் சுட்டும் '+?' குறி வந்தால், அது அகராதியில் ஏறாத வட்டாரச் சொல் என்றே ஆய்வாளர் முடிவு செய்வர். ஆனால் சொல் அகராதியில் இருக்கும்போதே, கோப்பு வேறொரு கணினி வழியாக வந்தமையால் மட்டும் இவ்விடை வருவதுண்டு.

தமிழுக்கான தமிழிமார்ஃப் பகுப்பாய்வி சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோரால் ஃபோமா என்னும் திறமூலக் கருவியில் உருவாக்கப்பட்டு, 2021இல் ஆய்விதழில் விளக்கப்பட்டது. ஃபோமா லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இயங்கும். தொடரியல் இலக்கணத்துக்குரிய எக்ஸ்எல்இ லினக்ஸுக்கும் மேக்குக்கும் உரியது; விண்டோஸ் பயனர் மெய்நிகர் கணினியை நாட வேண்டும். இவ்வேறுபாடு வெளிப்படையானது, எவரையும் ஏமாற்றுவதில்லை.

ஏமாற்றுவது எழுத்து. யூனிகோடில் 'கொ' என்பதை ககரத்துடன் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்தும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கொல்லாங்கொட்டை முதல் முறையில் 14 குறியெண்கள் கொண்டது. இரண்டாம் முறையில் 16. இரண்டும் சமமானவை என்பது யூனிகோடின் விதி. ஃபோமாவோ தனக்குத் தரப்பட்ட குறிகளை மட்டுமே ஒப்பிடும். 2017இல் ஏபிஎஃப்எஸ் வரும்வரை மேக் கணினிகள் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. கோப்பின் உள்ளடக்கத்தை அது தொடவில்லை. களத்தில் பதிந்த ஒலிக்கோப்புகளுக்குச் சொற்களையே பெயராக இட்டு, பின்னர் அப்பெயர்களைத் திரட்டிச் சொற்பட்டியல் ஆக்குபவர் இங்கேதான் சிக்குவார்.

இப்பிழை எல்லாச் சொற்களையும் தாக்கினால் உடனே பிடிபடும். அது ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்யோ தனி ஔகாரமோ உள்ள சொற்களை மட்டும் பிடிக்கிறது. மரச்சீனி தேறும், கொல்லாங்கொட்டை தேறாது. ஓலை தேறும், தோப்பு தேறாது. விடுபட்டவற்றை எண்ணிப் பார்ப்பவருக்கு ஓர் ஒலியனியல் ஒழுங்கே தென்படும். மலையாளத் தொடர்பு மிக்க இவ்வட்டாரத்தில் அதற்கு மொழித்தொடர்பு சார்ந்த விளக்கம் காண்பதும் எளிது. கருவியின் பிழை ஆய்வுமுடிபாகும் இடம் இதுவே.

விண்டோஸ் தரும் இடர்கள் சிறியவை. அது வரிமுடிவில் இரு குறிகளை இடும். லினக்ஸ் ஒன்றை மட்டும் இடும். மிகைக்குறியை நீக்காமல் படிக்கும் நிரலில் ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். நோட்பேடின் பழைய பதிப்புகள் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் மறைகுறி ஒன்றை இட்டன. அதனால் பட்டியலின் முதற்சொல் மட்டும் தவறும். விண்டோஸின் பழைய கட்டளைத்திரை தமிழைச் சதுரங்களாகக் காட்டுவதோ முற்றிலும் வேறு: அங்கே தரவு சரி, காட்சிதான் பிழை. அதைக் கண்டு நல்ல கோப்பைத் 'திருத்த' முற்படுவது வீண்.

பகுப்பாய்விக்கான அகராதிக் கோப்பையும் களச் சொற்பட்டியலையும் சேர்த்தெழுதிய ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே அகராதியைத் தொகுக்க வேண்டும். பைத்தான் மொழியில் அதற்கு ஒரு வரி போதும். அம்மாற்றத்துக்கு முன்னும் பின்னும் '+?' பெற்ற சொற்களின் எண்ணிக்கையைக் கட்டுரையில் தருவது, வட்டாரச் சொற்கள் உண்மையில் எத்தனை என்பதைப் பிறர் சரிபார்க்க உதவும்.