ஸ்கேல் விற்குமுன் டிஸ்ப்ளேயைக் கேளுங்கள்

நூற்பாலை வேலையை நம்பி நம் பகுதியில் லேத் பட்டறைகள் நடக்கின்றன. பழைய லேத், மில்லிங் மெஷின்களிலும் இப்போது டி.ஆர்.ஓ. எனப்படும் டிஜிட்டல் அளவுகாட்டி மாட்டுகிறார்கள். ஸ்கேல் பழுதானால் இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள டூல்ஸ் கடைக்கு வந்து, “ஸ்கேல் மட்டும் கொடுங்க அண்ணாச்சி” என்பார்கள். நீளத்தை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்துவிடலாகாது.

பெரும்பாலானவற்றில் 9 பின் பிளக்தான். பார்வைக்குச் சரியாகவே உட்காரும். ஆனால் எந்தப் பின்னில் 5 வோல்ட், எதில் சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாறினால் ஸ்கேலின் ரீடிங் ஹெட் கருகவும் கூடும். பிறகு நஷ்டம் யாருடையது என்ற வழக்கு நம் கல்லாவின் முன்தான் நடக்கும்!

சிக்னல் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். சதுர அலை எனப்படும் டி.டி.எல். வாங்கும் டிஸ்ப்ளேக்கு, சைன் அலை தரும் ஸ்கேலை நேரடியாக இணைக்க இயலாது. இடையில் கன்வெர்ட்டர் வேண்டும்.

அடுத்தது நுண்ணளவு. ஸ்கேல் 1 மைக்ரான், டிஸ்ப்ளே 5 மைக்ரானில் செட் செய்யப்பட்டிருந்தால், மேஜை 10 மி.மீ. நகரும்போது 50 என்று காட்டும். இதை செட்டிங்கிலேயே திருத்தலாம். சரக்கைத் திருப்பி வாங்க வேண்டியதில்லை. லேத் குறுக்கு ஸ்லைடில் இருமடங்கு காட்டினால் அது விட்டக் கணக்கு, பழுதன்று.

ஆகவே டிஸ்ப்ளேயையே கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின் வரிசையை ஒப்பிட்ட பிறகே பில் போடுங்கள். பில்லில் மாடல் எண், மைக்ரான், சிக்னல் வகை மூன்றையும் எழுதுங்கள். மாட்டியபின் டயல் கேஜ் வைத்து 10 மி.மீ. நகர்த்திச் சரிபார்க்கும்படியும் சொல்லி அனுப்புங்கள்.