அகலச் சக்கரம் அழகுதான், அளவு தெரியுமா?

விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போகும் சாலையில் இருக்கிறது மல்லாங்கிணறு. அந்தப் பக்கம் கரிசல் பூமி. மழைக்காலத்தில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி அந்த மண்ணில் இறங்கினால் போதும். சக்கரம் குடம் வரை புதைந்துவிடும்!

காரணம் என்ன? சக்கரம் குறுகல். பாரம் முழுவதும் கொஞ்ச இடத்தில் அழுத்தும். பிறகு டயர் வண்டி வந்தது. சக்கரம் அகலமானது. மாடுகள் பிழைத்தன.

“அப்படியானால் காருக்கும் அகலச் சக்கரம் மாட்டலாமே?” என்று வாலிபர்கள் கேட்கிறார்கள்.

மாட்டலாம். ஆனால், வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி அச்சையும் அளக்காமல் வேலையைத் தொடங்கமாட்டார். காருக்கும் அதே கதைதான்.

அது என்ன ஆப்செட்?

வீலை நெடுக்காக நடுவில் பிளப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நடுக்கோடு. வீல் காரோடு ஒட்டி நிற்கும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுவே ஆப்செட். வீலில் ‘இ.டி.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். எண் குறைந்தால் வீல் வெளியே துருத்தும். எண் கூடினால் உள்ளே போகும்.

இரண்டு கதவு வேகக் காரைக் ‘கூபே’ என்பார்கள். ‘வெட்டியது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. முதலில் குதிரை வண்டிக்கு இருந்த பெயர்!

2012-ல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா 86 அப்படி ஒரு கார். அதில் 17 அங்குல வீல் உள்ள ரகத்துக்கு வீலின் அகலம் 7 அங்குலம், ஆப்செட் 48.

இதற்கு 8 அங்குல வீல் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். ஆப்செட் அதே 48 என்றால் உள்ளே 12.7, வெளியே 12.7 என்று இரண்டு பக்கமும் வளரும். உள்ளே ஸ்பிரிங்கும் பிரேக் குழாயும் இருக்கின்றன. இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆப்செட் 35 என்றால்? உள்பக்கம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். ஆனால் வெளிப்பக்கம் 25.7 மில்லிமீட்டர் துருத்திவிடும்! மட்கார்டில் டயர் உரசும். ஸ்டியரிங் பிடிக்கும் விதம் மாறும். பேரிங்குக்கும் பாரம் கூடும்.

தனியாக ஓட்டும்போது இது தெரியாது. பின் சீட்டில் குடும்பம் ஏறி, கார் பள்ளத்தில் இறங்கும்போதுதான் டயர் உரசும். உரசி உரசி டயர் கிழிந்தால், வேகமாகப் போகும் காரின் கதி என்ன? ஆகவே ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

டயரும் சட்டமும்

டயரும் வீலுக்குப் பொருந்தவேண்டும். சிலர் அகல வீலில் குறுகிய டயரை இழுத்து மாட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்க நன்றாயிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் வீலின் விளிம்பு நேராக அடி வாங்கும். டயரின் உயரம் கூடினாலோ வேகமானி குறைத்துக் காட்டும். 60 என்று முள் சொல்லும். கார் அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது. ஆகவே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்குப் போகுமுன் பழைய வீலின் அகலம், ஆப்செட், போல்ட் வட்டம், நடுத்துளை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். புது வீல் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்கவேண்டும். மாட்டு வண்டிக்காரர் கிளம்புமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பாரே, அதுபோல!