ரெண்டு பேர் வேலை – 14: பதில் போடாத கூட்டாளி

தாயில்பட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாசுக்குப் பேப்பர் குழாய் உருட்டும் இருவர் சென்ற வாரம் வந்தார்கள். சுற்று இறுகாவிட்டால் வெடி புஸ்ஸென்று போய்விடும். அதனால் ஒருத்தி உருட்டியதை மற்றவள் விரலால் அமுக்கிப் பார்த்து, "லூசா இருக்குக்கா, பிரிச்சுச் சுத்துங்க" என்பாள். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த வாரம் சிவகாசி அய்ய நாடார், சண்முக நாடார் கதை என்று அறிவித்திருந்தது. ஹரால்ட் போர் குறுக்கே வந்துவிட்டார்.

அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தம்பி, கணித அறிஞர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க்குக்காகக் கால்பந்தாடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். பிரான்ஸை 17-1 என்று நொறுக்கிய அணி அது. இந்தத் தொடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விட மனம் வரவில்லை.

கேம்பிரிட்ஜின் கணித அறிஞர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 35 ஆண்டுகள் சேர்ந்து ஆராய்ந்து, நூறை ஒட்டிய கட்டுரைகள் எழுதினார்கள். ஒரே கல்லூரியில் இருந்தபோதும் கடிதப் போக்குவரத்துதான். அவர்களுக்குள் இருந்த நான்கு விதிகளை வெளியே சொன்னவர் ஹரால்ட். எழுதியது சரியா தப்பா என்பது பொருட்டே இல்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம், படிக்கக்கூட வேண்டாம். ஒரே நுணுக்கத்தை இருவரும் போட்டு உருட்டாமல் இருப்பது நல்லது. ஒருவர் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாவிட்டாலும் கட்டுரையில் இரண்டு பெயரும் இருக்கும்.

வீட்டில் இப்படி இருந்தால் இரண்டாம் நாளே சண்டை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

இதே இருவரிடம் மாட்டியவர்தான் சென்னைத் துறைமுக குமாஸ்தா ராமானுஜன். 1913 ஜனவரியில் அவர் அனுப்பிய தேற்றங்களைப் பார்த்து அசந்துபோன ஹார்டி, நிரூபணம் எங்கே என்று கேட்டார். ராமானுஜன் தரவில்லை. தன் கண்டுபிடிப்பை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறார் போலும் என லிட்டில்வுட் ஊகிக்க, ஹார்டி அதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டார். ஏப்ரலில் வந்த பதிலில், அந்த வரிகள் மனதை நோகடித்ததாக ராமானுஜன் குறிப்பிட்டார். பகா எண்கள் பற்றிய அவருடைய சூத்திரம் தப்பு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கூட்டு முறியவில்லை. 200-ஐக் கூட்டல்களாகப் பிரிக்க எத்தனை வழி என்று மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையால் கணக்கிட்டு வைத்திருந்தார்: 3972999029388. ஹார்டி-ராமானுஜன் சூத்திரம் 1918-ல் அச்சேறியபோது அதே எண்ணைத் தந்தது.

தாயில்பட்டியில் ஹார்டியின் முதல் விதி குழாய் உருட்டும் திண்ணை வரைதான் செல்லும்; அங்கே தப்பைப் பிரித்துச் சுற்றிவிடலாம். மருந்து கலக்கும் ரூமில் சரியா தப்பா என்பதுதான் எல்லாமே; ஓர் உராய்வு போதும். அங்கே கூட்டாளி "கை மெதுவா" என்றால், கடிதம்போல ஓரமாக வைத்துவிட முடியாது.

நாடார்கள் இருவரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தவர்கள். 1926-ல் பிரிந்தார்கள், பகையில்லாமல். ஒருவருக்கு அணில் முத்திரை, இன்னொருவருக்குக் காக்கா முத்திரை என்று ஆனது அடுத்த வாரம், ஹரால்ட் மறுபடி வராவிட்டால்.