மூன்று எஞ்சின்கள், ஒரு வண்டி



இங்கிலாந்தில், தட்டம்மையால் படுத்திருந்த மகனுக்குப் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி பேசும் ரயில் எஞ்சின்களின் கதைகளைச் சொன்னார். 1945-இல் அவை நூலாயின.

அந்த நூலில், மழை பட்டால் வண்ணம் கெடும் என்று சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது ஹென்றி என்ற எஞ்சின். தற்பெருமை மிக்க இன்னொரு எஞ்சின் கார்டன், எக்ஸ்பிரஸ் வண்டியோடு வழியில் பழுதாகிறது. மூன்றாவது எஞ்சினான எட்வர்டால் அந்த வண்டியைத் தனியே இழுக்க முடியவில்லை. கடைசியில் ஹென்றி பிடிவாதத்தைக் கைவிட, அதுவும் எட்வர்டும் சேர்ந்து வண்டியை ஊர் சேர்க்கின்றன. திரும்பும் வழியில் கார்டனையும் கொட்டகைக்கு அழைத்து வருகின்றன. மூன்றும் நண்பர்களாகின்றன.

மறு ஆண்டு வந்த அடுத்த நூலின் நாயகன்தான், உலகக் குழந்தைகளின் செல்லமான தாமஸ்!

யார் பெரியவர் என்பதை விட, வண்டி ஊர் போய்ச் சேருவதே முக்கியம். வீட்டிலும் வேலையிலும் அப்படித்தானே!