அறிக்கை ஏன் திணறுகிறது?

தேயிலைக்கும் கணினிக்கும் பழைய உறவு உண்டு. பிரிட்டனில் தேநீர்க் கடைகள் நடத்திவந்த லயன்ஸ் நிறுவனம், தன் அன்றாடக் கணக்குக்காக 1951இல் ‘லியோ’ என்ற கணினியை இயக்கியது. வணிக அலுவலகப் பணி செய்த முதல் கணினியாக அது அறியப்படுகிறது. இன்று அந்த வேலையை மேசைக் கணினியே செய்துவிடும். ஆனாலும் மாத முடிவில் அறிக்கையைத் திறந்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காரணம் பெரும்பாலும் கணினியில் இல்லை. நாம் எழுதும் சூத்திரத்தில் இருக்கிறது.

1929இல் ‘போ’ தோட்டம் தொடங்கப்பட்ட கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 200 பேர் கொழுந்து பறிக்கிறார்கள். ஒவ்வொருவரின் கூடையும் நாளுக்கு இருமுறை நிறுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 1,20,000 பதிவுகள். ஐந்து ஆண்டுகளில் 6 லட்சம். இன்றைய மென்பொருளுக்கு இது சிறிய எண்தான்.

எக்செல்லின் பவர் பிவட்டிலும் பவர் பிஐயிலும் கணக்கிடப் பயன்படும் சூத்திர மொழி ‘டேக்ஸ்’. இது 2010இல் அறிமுகமானது. இதன் பின்னால் இரண்டு பொறிகள் வேலை செய்கின்றன. முதலாவது, சேமிப்புப் பொறி. இது தேதி, பிரிவு, எடை என ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியே சுருக்கி வைத்துக்கொண்டு, கூட்டல் போன்ற எளிய வேலைகளைப் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் முடித்துவிடும். இரண்டாவது, சூத்திரப் பொறி. இது சிக்கலான கணக்கையும் செய்யும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யும். வேலை இரண்டாவதன் தலையில் குவிந்தால் அறிக்கை திணறும்.

பறித்த கொழுந்தின் மொத்தம் நாளுக்கு நாள் எப்படி ஏறுகிறது என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்போம். ஒவ்வொரு பதிவுக்கும், ‘இந்தத் தேதி வரையிலான பதிவுகளையெல்லாம் தேடிக் கூட்டு’ என்று எழுதினால், மோசமான நிலையில் 6 லட்சத்தை 6 லட்சத்தால் பெருக்கிய அளவு ஒப்பீடுகள் தேவைப்படும். அதாவது 36,000 கோடி! ஆனால் வரைபடம் கேட்பது நாள் கணக்கைத்தான். முதலில் நாள்வாரியாகக் கூட்டிக்கொண்டால் 1,500 நாள்களே மிஞ்சும். 1,500ஐ 1,500ஆல் பெருக்கினால் 22.5 லட்சம். விடை அதேதான், உழைப்பு ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது.

ஆனால் எடுத்தவுடன் சூத்திரத்தில் கை வைக்காதீர்கள். நேரம் எங்கே போகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பவர் பிஐயில் ‘பெர்ஃபார்மன்ஸ் அனலைசர்’ என்ற வசதி உண்டு. சூத்திரக் கணக்குக்கு எவ்வளவு நேரம், படம் வரைய எவ்வளவு நேரம் என்று அது பிரித்துக் காட்டும். படம் வரைவதில்தான் தாமதம் என்றால் சூத்திரத்தைத் திருத்திப் பயனில்லை. சூத்திரம்தான் காரணம் என்றால், ‘டேக்ஸ் ஸ்டூடியோ’ என்ற இலவச மென்பொருளில் அதை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பொறி எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியும். முந்தைய விடை நினைவகத்தில் தங்கியிருந்தால் அளவு தவறிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அதை அழித்துவிட்டு அளப்பது அவசியம்.

பிறகு மூன்று இடங்களைக் கவனியுங்கள். 7ஆம் பிரிவின் கணக்கு மட்டும் வேண்டுமென்றால், அட்டவணை முழுவதையும் வடிகட்டாமல் ‘பிரிவு’ என்ற நெடுவரிசையை மட்டும் வடிகட்டுங்கள். ஒரே கூட்டுத்தொகை சூத்திரத்தில் மூன்று முறை வந்தால், அதை ஒரு மாறியில் ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் நொடி வரையிலான நேரமும் ஒரே நெடுவரிசையில் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள்; வெவ்வேறு மதிப்புகள் குறையக் குறைய, தரவு நன்றாகச் சுருங்கும்.

கடைசியாக ஒன்று. பறித்த எடையை வைத்துக் கூலி கணக்கிடும் இடத்தில், வேகமாக வரும் தவறான எண் மெதுவாக வரும் சரியான எண்ணைவிட ஆபத்தானது. அது ஒருவரின் சம்பளத்தையே குறைத்துவிடும். பழைய சூத்திரத்தின் விடையையும் புதியதன் விடையையும் மொத்தத்தில் மட்டுமல்ல, ஆள்வாரியாகவும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் கிராம் பிசகாமல் பொருந்திய பிறகே பழையதை நீக்குங்கள்.